நான் மெலிவுதானே, எனக்கு எப்படிச் சீனி வரும்?

இந்த நோய்க்குத் தமிழில் பெயருக்குப் பஞ்சமில்லை. யாழ்ப்பாணத்தில் சலரோகம் என்றார்கள். வீட்டுப் பேச்சில் சீனி வருத்தம். பாடப்புத்தகத்திலும் மருத்துவமனைச் சுவரொட்டியிலும் நீரிழிவு. பழைய வைத்திய நூல்களில் மதுமேகம். கிரேக்கர் வைத்த டயபிடிஸ் என்ற பெயருக்கு ஊடாகப் பாய்ந்து செல்வது என்று பொருள். பிற்காலத்து ஐரோப்பிய வைத்தியர்கள் அதன் பின்னால் ஒட்டிய மெலிட்டஸ் என்ற இலத்தீன் சொல் தேன் போல இனிப்பதைக் குறிக்கும். எல்லாமே உடலை விட்டு வெளியேறும் நீரைப் பார்த்து வைத்த பெயர்கள். சலம் அடிக்கடி போய், நாவரட்சி எடுத்து, உடம்பு உருகத் தொடங்கிய பிறகே அந்தக் காலத்து வைத்தியரால் நோயைக் காண முடிந்தது. இன்று நாங்கள் பெருமளவில் காணும் இரண்டாம் வகை நீரிழிவோ அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சத்தமில்லாமல் தொடங்கிவிடுகிறது. சீனி தின்றவனுக்கே வரும், கொழுத்தவனுக்கே வரும் என்ற இரண்டு நம்பிக்கைகள் எங்களிடையே ஆழமாக வேரோடியிருக்கின்றன. இக்கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

நான் வைத்தியன் அல்லன். ஒஷாவாவில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக மருத்துவ மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்கிறேன். வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, ஒருவர் சொல்வதை மற்றவருக்குச் சொல்வதுதான் தொழில். ஸ்காபரோவில் வீட்டு விலை ஏற ஏற எங்கள் சனம் 401 நெடுஞ்சாலை வழியே பிக்கரிங், ஏஜாக்ஸ், விற்பி என்று கிழக்கே நகர்ந்து ஒஷாவாவரை வந்துவிட்டது. வந்தவர்களில் பலர் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் நாட்களைக் கழித்தவர்கள். இத்தனை ஆண்டுகளில் நான் அதிக தடவை ஆங்கிலத்துக்கு மாற்றிய வசனம் எது என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன்: "நான் மெலிவுதானே டொக்டர், எனக்கு எப்பிடிச் சீனி வரும்?"

நியாயமான கேள்வி. எதிரே இருப்பவர் அறுபத்தைந்து கிலோகூட இருக்கமாட்டார். கை கால் குச்சி போல இருக்கும். வைத்தியரின் கணினித் திரையிலும் அவருடைய எடை பச்சை நிறக் கட்டத்துக்குள்தான் நிற்கும். ஆனால் இரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்லும்.

இதை விளங்கிக்கொள்ள, இன்சுலின் உடலில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நாங்கள் பள்ளிக்கூடத்தில் சதையி என்று படித்த, தமிழ்நாட்டில் கணையம் என்று சொல்லும் உறுப்பு இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. அதிலுள்ள பீற்றாக் கலங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. சோறு சாப்பிட்டதும் இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும். அப்போது இன்சுலின் இரண்டு இடங்களுக்கு முக்கியமான செய்தி கொண்டுபோகிறது. தசைகளிடம், 'இதை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள்' என்கிறது. ஈரலிடம், 'வெளியிலிருந்து வந்துவிட்டது, நீ தயாரிப்பதை நிறுத்து' என்கிறது. இந்த இரண்டாவது வேலையைப் பலரும் அறிவதில்லை. இரவு முழுவதும் பட்டினியாக இருந்தாலும் எங்கள் இரத்தத்தில் குளுக்கோஸ் தீர்ந்துபோகாமல் இருப்பது ஈரல் அதைத் தயாரித்து அனுப்புவதால்தான். "ராத்திரி ஒண்டுமே சாப்பிடேல்லை, விடிய எழும்பிப் பார்த்தால் சீனி கூடிக் கிடக்கு" என்று வியப்பவர்கள் உண்டு. அது ஈரல் இன்சுலினின் சொல்லைக் கேட்காமல் விடுவதன் விளைவு.

ஈரல் ஏன் சொல்வழி கேட்பதில்லை? பெரும்பாலும் அதற்குள் கொழுப்புப் படிந்துவிடுவதால். இங்கேதான் மெலிந்தவரின் கதை தொடங்குகிறது. உடலில் மிஞ்சும் சக்தியைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கப் பாதுகாப்பான இடம் தோலுக்கு அடியில் இருக்கிறது. தொடையிலும் இடுப்பிலும் பிட்டத்திலும் சேரும் கொழுப்பு பார்வைக்குத் தெரிந்தாலும் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. அந்தக் களஞ்சியம் சிலருக்குப் பெரிது, சிலருக்குச் சிறிது. அது நிரம்பிய பின் மிச்சம் வயிற்றின் உட்புறத்திலும் ஈரலிலும், பின்னர் சதையியிலும் போய்ச் சேர்கிறது. சதையியில் சேர்ந்தால் பீற்றாக் கலங்கள் மெல்ல மெல்ல வேலையைக் கைவிடுகின்றன. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரோய் ரெய்லர் இதை ஒவ்வொருவருக்கும் உரிய கொழுப்பு எல்லை என்று விளக்குகிறார். ஒருவர் நூறு கிலோவிலும் தன் எல்லைக்குள் நிற்பார். இன்னொருவர் அறுபத்தைந்திலேயே அதைத் தாண்டியிருப்பார். தெற்காசியர்களான எங்களுடைய களஞ்சியம் பொதுவாகச் சிறியது.

இதற்கு நான் அறிந்த மிக எளிமையான சான்று 2004ஆம் ஆண்டு 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்த ஒரேயொரு படம். பூனாவைச் சேர்ந்த வைத்தியர் யாஜ்னிக், இலண்டனைச் சேர்ந்த வைத்தியர் யுட்கின் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் அது. இருவருடைய உடற்திணிவுச் சுட்டியும், அதாவது பி.எம்.ஐ.யும், ஒன்றே: 22.3. இருவரும் எந்த அட்டவணைப்படியும் சரியான எடை உள்ளவர்கள். ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 வீதம், யாஜ்னிக்குக்கு 21.2 வீதம்! யாஜ்னிக் அதற்கு முன்பே பூனாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தவர். அக்குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிட்டுப் பார்த்த இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்திருந்தும், தோலுக்கடியில் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் மற்ற உறுப்புகளும்தான். மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பு மிகுந்த உடல் என்பது எங்களுக்குப் பிறக்கும்போதே வாய்த்துவிடுகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. தசை குறைவு என்பது சிறிய விடயமல்ல. சாப்பாட்டுக்குப் பின் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கை உள்வாங்கும் இடமே தசைதான்.

இனி எங்கள் மாகாணத்துக்கு வருவோம். 2011இல் ஒன்ராறியோ ஆய்வாளர்கள் நீரிழிவு இல்லாத ஏறக்குறைய 60,000 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்றை வெளியிட்டார்கள். வெள்ளையர் ஒருவருக்கு பி.எம்.ஐ. 30இல், அதாவது உடற்பருமன் என்று சொல்லத் தொடங்கும் இடத்தில், நீரிழிவு வரும் வாய்ப்பு எவ்வளவோ, அவ்வளவு வாய்ப்பு தெற்காசியர் ஒருவருக்கு 24இலேயே வந்துவிடுகிறது என்று அது கண்டது. எண்ணாகச் சொன்னால் பிடிபடாது, எடையாகச் சொல்கிறேன். இருவரும் ஐந்தடி ஆறங்குல உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 84 கிலோ எடையுள்ள வெள்ளையரும் 67 கிலோ எடையுள்ள தமிழரும் இந்த நோயின் முன்னால் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கிறார்கள். முன்னவரைப் பார்த்ததும் வைத்தியர் இரத்தம் சோதிக்கச் சொல்வார். பின்னவரைப் பார்த்து, எடை அளவாக இருக்கிறது என்று பாராட்டி அனுப்பிவிடவும் கூடும். அதே ஆய்வில் இன்னொரு கணக்கும் உண்டு. நோய் கண்டுபிடிக்கப்பட்ட நடுத்தர வயது வெள்ளையருக்கு 58, தெற்காசியருக்கு 49. ஒன்பது ஆண்டுகள் முன்னதாக வரும் நோய் கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் இருதயத்துக்கும் ஒன்பது ஆண்டுகள் கூடுதலாகத் தொல்லை கொடுக்கும். நாற்பத்தொன்பது என்பது வீட்டுக் கடன் பாதி கட்டி முடியாத, பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தொடங்கும் வயது.

பி.எம்.ஐ. கணக்கைக் கொண்டுவந்த கெற்றலே பெல்ஜியத்து வானியல், புள்ளியியல் அறிஞர். 19ஆம் நூற்றாண்டில் மக்கள் கூட்டத்தின் சராசரி மனிதனைத் தேடியபோது அவர் கண்ட விகிதம் அது. ஒரு தனி மனிதனின் உடல்நலத்தை அளக்க அவர் அதை வகுக்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே ஆசியர்களுக்கு 23இலிருந்து கவனம் தேவை என்று கூறிவிட்டது. கனடிய நீரிழிவு வழிகாட்டிகளும் பொதுவாக நாற்பது வயதில் தொடங்கும் பரிசோதனையைத் தெற்காசியர் போன்றோருக்கு அதற்கு முன்பே தொடங்குமாறு சொல்கின்றன. ஆனால் காகிதத்தில் இருப்பது பதினைந்து நிமிடச் சந்திப்பில் நினைவுக்கு வரும் என்று எதிர்பார்த்து இருந்துவிட முடியாது. கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான். "எனது ஏ1சியைப் பார்க்கலாமா?" என்று கேட்டால் போதும். வைத்தியர் எழுதிக்கொடுத்தால் ஒன்ராறியோவில் மாகாணக் காப்புறுதியே அதற்குப் பணம் கட்டுகிறது.

பி.எம்.ஐ.யைவிட ஒரு தையல்காரரின் அளவுநாடா எங்களுக்கு உண்மையைச் சொல்லும். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பவை கவனிக்க வேண்டிய எல்லைகள். அங்குலத்தில் சுமார் முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. அளக்கும் இடம் முக்கியம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். "எனக்குக் காற்சட்டை முப்பத்திநாலுதான்" என்று பெருமைப்படும் அண்ணன்மார் அதை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருப்பார்கள். சாரம் கட்டிப் பழகிய இடுப்பு!

ஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களில் இரத்தச் சிவப்பணுக்களில் எவ்வளவு குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டும் வீதம். கனடாவில் 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. 6.0 முதல் 6.4 வரை அதற்கு முந்திய நிலை. அமெரிக்காவில் அந்த முந்திய நிலை 5.7இலேயே தொடங்கிவிடுகிறது. எங்கள் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இரும்புச்சத்துக் குறைந்த இரத்தச்சோகை இருந்தால் ஏ1சி உண்மையைவிடச் சற்று உயர்த்திக் காட்டலாம். பரம்பரையாக வரும் தலசீமியா போன்ற குருதிக் குறைபாடுகளும் அந்த எண்ணைக் குழப்பும். அப்படியானவர்களுக்குப் பட்டினி இரத்தச் சோதனையோ குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனையோ நம்பகமானது.

எண்களின் தொல்லை இத்துடன் தீரவில்லை. எங்கள் குடும்பங்கள் உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன; நோய் ஒன்று, அளவுகோல்கள் வேறு. தொலைபேசியில் இங்கே தங்கை "எனக்கு ஏழு" என்பார். வவுனியாவில் அண்ணர் "எனக்கு நூற்றி இருபத்தாறு, நீ தப்பிட்டாய் பிள்ளை" என்பார். இரண்டும் ஒன்றே. கனடாவில் இரத்தச் சீனியை லீற்றருக்கு எத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் டெசிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்வதே வழக்கம். இங்குள்ள எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் அங்குள்ள எண் வந்துவிடும். பட்டினி நிலையில் 7.0 அல்லது 126 என்பதுதான் நீரிழிவின் தொடக்கக் கோடு. இலண்டனிலிருக்கும் மைத்துனர் தன் ஏ1சி 48 என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். பிரித்தானியாவில் அதற்கும் தனி அலகு. அவருடைய 48 எங்களுடைய 6.5.

அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. ஆங்கிலத்தில் அந்நிலைக்கு ஒரு பெயர் இருக்கிறது. தமிழில் முன்நீரிழிவு என்று எழுதுகிறோம். ஆனால் அப்படி யாரும் பேசி நான் கேட்டதில்லை. "போர்டரில நிக்குது" என்பதுதான் சனம் சொல்வது. அந்தச் சொல்லில் ஒரு நிம்மதி ஒட்டிக்கொண்டிருக்கிறது; எல்லை தாண்டவில்லை என்ற நிம்மதி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் இருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கு நூல்களும் கலைச்சொற்களும் உருவாக்கிய கிறீன் வைத்தியர் இன்றிருந்தால் இந்நிலைக்கு இதைவிட உறைக்கும் ஒரு சொல்லைக் கண்டுபிடித்திருப்பார் என்று நான் நினைப்பதுண்டு. ஏனென்றால் இந்த நிம்மதிக்கு ஆதாரமில்லை. சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரனும் குழுவினரும் இந்நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 2006இல் வெளியானது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளில் 55 வீதத்தினர் நீரிழிவுக்குள் போய்விட்டார்கள். பாதிக்கும் மேல்!

அதே ஆய்வில்தான் நல்ல செய்தியும் இருக்கிறது. நாளாந்தம் அரை மணி நேரமாவது விறுவிறுப்பாக நடக்கவும், தீட்டிய மாப்பொருளையும் சீனியையும் கொழுப்பையும் குறைக்கவும், நார்ச்சத்தைக் கூட்டவும் தொடர்ந்து வழிகாட்டப்பட்ட குழுவில் அந்த எண்ணிக்கை 39 வீதமாகக் குறைந்தது. மெற்ஃபோமின் மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவே பயன். என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொன்று. வாழ்க்கை முறையை மாற்றிப் பயன்பெற்றவர்களுக்கு எடை குறிப்பிடும்படி குறையவேயில்லை. எடைத் தராசு அசையாதபோதும் உடலுக்குள் ஏதோ திருந்தியிருக்கிறது. "நான் மெலிவு, எதைக் குறைக்கிறது?" என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் உதவியில்லாமலே குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே சாப்பிட்ட கையோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பதற்கு ஒரு தனிப் பயன் உண்டு. சனவரியில் ஒஷாவாவில் எங்கே நடப்பது என்பது நியாயமான முறைப்பாடுதான். ஒஷாவா சென்ரர் கடைத்தொகுதிக்குள் சூடான காற்றில் கைவீசி நடக்கலாம், காசு கொண்டுபோகாவிட்டால் செலவுமில்லை. நடையோடு தசையைக் கூட்டும் பயிற்சியும் வேண்டும். கதிரையில் இருந்து கை ஊன்றாமல் பத்துத் தரம் எழுந்து இருப்பதும் பயிற்சிதான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சோற்றை விடச் சொன்னால் எங்கள் ஆட்கள் வைத்தியரை விட்டுவிடுவார்கள். கோப்பையில் சோறு மலையாகவும் கறிகள் அடிவாரமாகவும் இருப்பதை மாற்றி, மீனும் பருப்பும் கீரையும் பாதிக்கு மேல் வருமாறு செய்தாலே பெரிய வித்தியாசம். மரக்கறியையும் மீனையும் முதலில் உண்டு சோற்றைப் பின்னால் உண்டால் குளுக்கோஸ் ஏறும் வேகம் குறைவதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மண்டபத்துப் பிறந்தநாள் விழாக்களில் இரவு பத்தரைக்குப் புரியாணி பரிமாறும் வழக்கத்துக்கு என்னிடம் மருந்தில்லை. இரவு வேலை செய்பவர்களுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்று அறியப்பட்டிருக்கிறது. பாவற்காய்ச் சாறு குடியுங்கள், தடையில்லை. ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு நான் மொழிபெயர்த்த அவசரப் பிரிவுச் சந்திப்புகள் மறக்கக்கூடியவை அல்ல.

ஏற்கெனவே நோய் வந்துவிட்ட மெலிந்தவருக்கும் கதவு மூடிவிடவில்லை. மேலே சொன்ன ரோய் ரெய்லரின் குழு 2023இல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. சராசரி பி.எம்.ஐ. 24.8 உள்ள இருபது நீரிழிவு நோயாளிகள் தங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் குறைத்தபோது, பதினான்கு பேருக்கு மருந்தில்லாமலே சீனி நீரிழிவு எல்லைக்குக் கீழே வந்தது. ஈரலிலும் சதையியிலும் படிந்த கொழுப்பும் குறைந்திருந்தது. இருபது பேர் என்பது சிறிய தொகை. நோய் வந்து நெடுங்காலமானவர்களுக்கு இது எளிதில் கைகூடுவதில்லை. மருந்து எடுப்பவர்கள் வைத்தியரின் கண்காணிப்பில்லாமல் இதில் இறங்கவும் கூடாது.

இன்சுலினைப் பற்றி ஒரு வார்த்தை. அது பிறந்த இடம் ஒஷாவாவிலிருந்து சுமார் அறுபது கிலோமீற்றர்தான். 1921இன் கோடையில் பான்ரிங்கும் பெஸ்டும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில், மக்லியோட்டின் ஆய்வுகூடத்தில் வேலையைத் தொடங்கினார்கள். 1922 சனவரி 11ஆம் திகதி ரொறன்ரோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தொம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. முதலாம் வகை நீரிழிவால் அவன் முப்பது கிலோகூட இல்லாமல் எலும்பும் தோலுமாக இருந்தான். முதல் மருந்து சுத்தம் போதாமல் சரிவரவில்லை. கொலிப் அதைச் சுத்திகரித்துக் கொடுத்தார். சனவரி 23இல் மீண்டும் ஊசி போட்டபோது பையன் தேறினான். பின்னர் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். காப்புரிமையைப் பான்ரிங், பெஸ்ட், கொலிப் மூவரும் ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். இப்படி உயிர்கொடுக்க வந்த மருந்தை எங்கள் சனம் கடைசிக் கட்டம் என்று அஞ்சுகிறது. "ஊசி துவங்கினால் முடிஞ்சுது" என்பதை நான் எத்தனை தடவை மொழிபெயர்த்திருப்பேன்! மெலிந்த தெற்காசியருக்குப் பீற்றாக் கலங்களின் சுரப்பே ஆரம்பத்திலிருந்து குறைவாக இருப்பதைச் சென்னையில் நடந்த ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஆகவே சிலருக்கு இன்சுலின் சற்று முந்தியே தேவைப்படலாம். அது தோல்வியோ தண்டனையோ அல்ல; குறைவதை நிரப்புவது.

கடைசியாக, பெரும்பாலும் தவறவிடப்படும் ஒரு சோதனை. கர்ப்ப காலத்தில் மட்டும் சீனி ஏறி, பிள்ளை பிறந்ததும் இறங்கிவிடும் தாய்மார் எங்களிடையே பலர். இறங்கிவிட்டதால் அதை மறந்துவிடுகிறார்கள். பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். பிள்ளை பிறந்து ஆறு கிழமைக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை ஒன்றைக் கனடிய வழிகாட்டி பரிந்துரைக்கிறது. முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டு மணி நேரமாவது பட்டினி இருக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பால் குடிக்கும் குழந்தையோடு இது தனியாக முடிகிற காரியமல்ல. அந்த ஒரு காலைப்பொழுது குழந்தையை வைத்துக்கொள்ள அம்மம்மாவோ, கணவரோ, பக்கத்து வீட்டு அக்காவோ யாராவது வேண்டும்.